சென்னைக்குப் புதிதாகக் குடிவருகிறீர்களா? ஒரு வருட வெயில், மழை, புயலுக்கான வழிகாட்டி

வேலையில் சேரவும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் வந்து இறங்குகிறார்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு ஜூன் என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் குளிர்ந்த காற்று. தென்காசிக்காரருக்குச் சாரல். சென்னையில் அதே ஜூனில் காலை 10 மணிக்கே முகத்தில் அனல் அடிக்கும். தென்மேற்குப் பருவமழை தன் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இங்கே வந்து சேர்வது காய்ந்த மேற்குக் காற்று.

சென்னைக்கு வருடத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில், வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் வருமா, எந்தத் தெருவில் வீடு எடுப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது என்று இங்கே எல்லாமே அந்த மூன்று மாதங்களைப் பொறுத்ததுதான். ஆகவே குடியேறுவது எந்த மாதமாக இருந்தாலும், அக்டோபரை மனதில் வைத்தே ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள்.

முதல் படி: வீடு பார்க்கும்போதே தண்ணீரைப் பாருங்கள்

சென்னை தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம். கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய மூன்று ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் ஏரிகளின் உபரி நீரும் ஒருசில முகத்துவாரங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை உள்வாங்காது. பெய்தது தெருவிலேயே நிற்கும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், முடிச்சூர், பெரும்பாக்கம் எல்லாம் ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்த பகுதிகள். வடக்கே கொளத்தூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கமும் தண்ணீர் தேங்கும். இங்கெல்லாம் வீடே பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வேளச்சேரியில் ஒரு தெருவில் இடுப்பளவு நிற்கும். இரண்டு தெரு தள்ளிக் கணுக்கால் நனையாது. பகுதியின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் அந்தத் தெருவை விசாரியுங்கள்.

யாரிடம் விசாரிப்பது? வீட்டு உரிமையாளரும் புரோக்கரும் "இங்க தண்ணியே வராது சார்" என்றுதான் சொல்வார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், எதிர் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, இவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது வருடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். "தண்ணி நிக்குமாம்மா?" என்றால் "கொஞ்சம் நிக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம் புயல்ல எதுவரைக்கும்?" என்று கேட்டால், பதில் வருவதற்கு முன்பே அவர் கை முழங்காலையோ இடுப்பையோ காட்டும்.

இந்த இரண்டு வருடங்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாள் கணக்கில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டியே மெதுவாக நகர்ந்து, இரண்டு நாள் விடாமல் கொட்டிவிட்டு, ஆந்திராவின் பாபட்லா அருகே போய்க் கரையைக் கடந்தது. முதலாவதில் ஆறும் ஏரியும் பெருகின. இரண்டாவதில் மழைநீர் வடிய வழியில்லாமல் நின்றது. இரண்டிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாத தெரு என்றால் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.

பிறகு கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டியவை சில. காம்பவுண்டு சுவரில் ஒரே உயரத்தில் வெளிறிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வாடகைக்கு விடும் வீட்டில் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள். அப்போது பக்கத்து வீட்டுச் சுவரையும் எதிரே உள்ள காலி மனையின் சுவரையும் பாருங்கள். கேட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் திண்டு கட்டியிருந்தால், மோட்டாரைத் தனியாக மேடை கட்டித் தூக்கி வைத்திருந்தால், அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். திண்டு கட்டிய உரிமையாளர் ஒருவகையில் நல்லவர்தான். தண்ணீர் வந்ததை ஒப்புக்கொண்டு ஏதோ செய்திருக்கிறார். மீட்டர் பெட்டி மார்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் முதல் வெள்ளத்திலேயே சாக்கடை கலந்துவிடும். சாலையின் மேலேயே சாலை போட்டுப் போட்டுப் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. சாலையில் நின்று வாசற்படியைப் பாருங்கள். கீழே குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம்.

எந்தத் தளம்? தரைத்தளத்தில் தண்ணீர் பயம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் மே மாதம் இரவு 11 மணிக்கும் கூரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நடுத்தளம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் மேல் தளத்தையே சொல்வேன். வெயிலுக்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு, ஏசி என்று ஏதாவது வழி உண்டு.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மாலைக் காற்று அருமையாக இருக்கும். அதே காற்றில் உப்பும் வரும். ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி, பைக் செயின் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கடைசியாக ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "ஏப்ரல், மே மாதத்தில் போர் தண்ணீர் வருமா? வரவில்லை என்றால் லாரித் தண்ணீர் செலவு யாருடையது?" 2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதன் விலையை நகரம் 2019 கோடையில் கொடுத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வீட்டில் மழைநீர் சேகரிப்புக் குழாய் உண்மையிலேயே கிணற்றுக்கோ உறை இறக்கிய குழிக்கோ போகிறதா என்றும் பாருங்கள். 2003 முதல் இது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு லாரித் தண்ணீர் அது.

இரண்டாம் படி: கோடையில் காற்றின் திசையைக் கவனியுங்கள்

மார்ச்சில் புழுக்கம் தொடங்கும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்து 28 வாக்கில் முடியும். காலண்டரில் கத்திரி முடிந்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி. அது 2003 மே 31 அன்று. மே கடைசியும் ஜூன் முதல் பாதியும்தான் சென்னையின் உச்ச வெயில். அப்போதுதான் மேற்குக் காற்று வலுப்பெறுகிறது.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் ஒவ்வொரு நாளையும் கணிக்கலாம். வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். சூடான காற்று மேலே எழும்ப, கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அந்தக் கடற்காற்று பகல் 12 மணி வாக்கில் நுழைந்துவிட்டால் வெப்பம் 36, 37 டிகிரியோடு அடங்கிவிடும். மேற்குக் காற்று பலமாக அடித்தால் கடற்காற்று 2, 3 மணி வரை கரையிலேயே தடுத்து நிறுத்தப்படும். அன்று 40 டிகிரியைத் தாண்டும். மெரினாவை ஒட்டிய பகுதிகளுக்கு முதலில் காற்று கிடைக்கும். மீனம்பாக்கம், தாம்பரம், பூந்தமல்லிக்குத் தாமதமாக வரும். காலை 9 மணிக்கு மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி கிழக்கு நோக்கிப் படபடவென்று அடித்துக்கொண்டால், வெளி வேலைகளை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மதுரை, திருச்சி வெயிலைப் பார்த்தவர்கள் "36 டிகிரிதானே" என்பார்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் சோர்ந்துவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர், இளநீர் குடித்துக்கொண்டே இருங்கள். நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் தெருவெங்கும் கிடைக்கும் காலம் இது. வியர்வை நின்று, தலைசுற்றி, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கியதன் அடையாளம். நிழலில் படுக்கவைத்து உடம்பை நனைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். மேல்நிலைத் தொட்டியில் இருந்து வரும் தண்ணீர் மே மாதப் பிற்பகலில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். முந்தின இரவே இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்ட அதுதான் சரி.

மீன் சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் வரத்து குறைந்து விலை ஏறும்.

மூன்றாம் படி: ஜூலை முதல் செப்டம்பர் வரை சாயங்காலத்தைக் கவனியுங்கள்

இந்த மாதங்களில் மதியம் வரை சுள்ளென்று வெயில் அடிக்கும். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் இடிமேகம் திரளும். மேற்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வர, இரவு 8, 9 மணிக்குச் சென்னையில் இடி மின்னலோடு கொட்டும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அலுவலகப் பையில் குடை இருக்கட்டும். மின்னல் அடிக்கும்போது மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். அவ்வளவுதான்.

நான்காம் படி: செப்டம்பருக்குள் வீட்டைத் தயார் செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். தொடங்கியபின் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கிடைக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் சருகை அள்ளி, வடிகுழாய் வாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாசலில் உள்ள மழைநீர் வடிகாலின் துளை அடைத்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். இன்வெர்ட்டர் தரையில் இருந்தால் மேலே தூக்கி வையுங்கள். கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போவதற்கான பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் அது பெரும்பாலும் வராது. சான்றிதழ்கள், பத்திரம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே நீர்புகாப் பையில் போட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்து மேல்தட்டுக்கு மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: எச்சரிக்கையைச் சரியாக வாசியுங்கள்

நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம்தான் அடிப்படை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "48 மணி நேரத்தில் சென்னை மூழ்கும்" ரகச் செய்திகளைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்; பயத்தில் வயதானவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

நிறங்களுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. அதற்கு மஞ்சள் எச்சரிக்கை. அதற்கு மேல் 20 வரை மிக கனமழை, ஆரஞ்சு. 20-ஐத் தாண்டினால் அதி கனமழை, சிவப்பு. மஞ்சளுக்குக் குடை போதும். ஆரஞ்சுக்கு வண்டியை மேடான இடத்துக்கு மாற்ற வேண்டும். சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்யுங்கள்.

எச்சரிக்கை மாவட்ட வாரியாக வரும். பள்ளி விடுமுறையும் அப்படித்தான். அந்தந்த மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். நாம் பேச்சில் எல்லாவற்றையும் சென்னை என்கிறோம். ஆனால் தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம், சோழிங்கநல்லூரோ சென்னை மாவட்டம். உங்கள் வீடும் பிள்ளையின் பள்ளியும் எந்த மாவட்டத்தில் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சொற்களின் வரிசை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அது வலுத்தால் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம், காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். இந்த வரிசை காற்றின் வேகத்தைச் சொல்கிறதே தவிர மழையின் அளவைச் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று நகரை மூழ்கடித்த மழைக்குப் பெயர் வைத்த புயல் எதுவும் காரணமில்லை. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் தொடங்கிய மழை, முன்னறிவிப்பையும் மீறிச் சில மணி நேரத்தில் நகரின் நடுப்பகுதியில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. ஆகவே புயல் பெயர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வானிலை மையத்தின் தளத்தில் ராடார் படம் கிடைக்கும். சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ராடார் அது. நவம்பரில் கிழக்கே கடல் மேல் அடர்ந்த நிறங்கள் பட்டையாக வரிசை கட்டி நகரை நோக்கி வந்துகொண்டிருந்தால் மழை அடுத்தடுத்து வரப்போகிறது. அதோடு அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பையும் பாருங்கள்.

இன்னொன்று: செய்தியில் "நேற்று 12 சென்டிமீட்டர்" என்றால் அது காலை 8.30-ல் இருந்து மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. கடலோரத்தில் இந்தப் பருவத்தின் மழை பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்கி விடியற்காலையில் வலுக்கும். மாலையில் வானம் வெளுத்திருக்கிறதே என்று காரை வாசலிலேயே விட்டுத் தூங்கிவிடக் கூடாது. வேளச்சேரிவாசிகள் பெருமழைக்கு முன் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அனுபவப்பட்டவர்களின் செயல் அது.

ஆறாம் படி: பெருமழை நாளில்

முந்தின மாலையே செய்ய வேண்டியவை: போன், பவர் பேங்க், டார்ச் எல்லாம் சார்ஜ், மேல்நிலைத் தொட்டி நிறையத் தண்ணீர், இரண்டு கேன் குடிநீர், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு, பால் பவுடர். மிக்ஜாமின்போது பல பகுதிகளில் பால் கிடைக்காமல் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொஞ்சம் ரொக்கப் பணம். மின்சாரமும் நெட்வொர்க்கும் போனால் ஜிபே வேலை செய்யாது.

தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியமே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடும். "கரண்ட் ஏன் கட் பண்ணாங்க" என்று கோபப்பட வேண்டாம். தேங்கிய நீரில் மின்கசிவுதான் உயிரைப் பறிக்கிறது. தெருவோர மின்பெட்டி, மின்கம்பம், இழுவைக் கம்பி எதையும் தொடாமல் தள்ளி நடங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் மெயின் சுவிட்சை முன்பே அணைத்துவிடுங்கள். மின்சாரப் புகாருக்கு 94987 94987, மாநிலப் பேரிடர் உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.

சுரங்கப்பாதைகளைத் தவிருங்கள், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையும் சீக்கிரம் நிரம்பும். வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மெட்ரோ ரயிலை நம்பலாம். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜின் போய்விடும். தள்ளி ஓரமாக விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

புயல் நேரடியாக நகரைக் கடந்தால் கதை வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது சேதம் முக்கியமாகக் காற்றால்தான். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. பால்கனித் தொட்டிகளை உள்ளே எடுங்கள், தகரம், விளம்பரப் பலகை, மரம் ஆகியவற்றின் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். நடுவில் திடீரென்று காற்று அடங்கி அமைதியானால் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து அதே வேகத்தில் காற்று வரும்.

கடல் பார்க்கப் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். மெரினாவில் சாதாரண நாளிலேயே கடலில் இறங்குவது ஆபத்து; அடியில் இழுவை பலமானது. மழைக்காலத்தில் கரைக்கே போக வேண்டாம்.

தண்ணீர் வடிந்தபின் சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடாமல் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. குடிநீரை ஒரு வாரமாவது கொதிக்கவைத்துக் குடியுங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மொட்டை மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மார்கழி முதல் மாசி வரை

டிசம்பர் பாதிக்குமேல் மழை குறையத் தொடங்கும். ஜனவரியில் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். இந்த ஊருக்கு அதுதான் குளிர்காலம். கனமான ஸ்வெட்டர் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம், ஒரு போர்வை போதும். மயிலாப்பூர் மாடவீதியில் மார்கழிக் கோலம், சபாக்களில் கச்சேரி, ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் என்று வெளியே சுற்ற இதைவிட நல்ல காலம் கிடையாது. ஊரில் இருந்து அப்பா அம்மாவை அழைப்பதாக இருந்தால் இந்த மாதங்களில் அழையுங்கள்.

போகி அன்று காலை மட்டும் பனியும் பழைய பொருட்களை எரித்த புகையும் கலந்து கண்ணை மறைக்கும். விமானங்கள் தாமதமாகும், ஆஸ்துமா இருப்பவர்கள் அன்று ஜன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருங்கள்.

பிப்ரவரியில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ஏசி சர்வீஸ், மார்ச் வந்தால் ஆள் கிடைக்காது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் இந்த நேரத்தில்தான் பிடிக்கும். மூன்றாவது, ஏரிகளின் நீர் இருப்பு. குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் அந்தக் கணக்கில் புழலும் செம்பரம்பாக்கமும் பாதிக்குக் கீழே இருந்தால், குடியிருப்பு சங்கக் கூட்டத்தைக் கூட்டி, லாரித் தண்ணீருக்கு யாரிடம் பதிவு செய்வது, செலவை எப்படிப் பிரிப்பது என்று மார்ச்சுக்குள் பேசி முடிவு செய்துவிடுங்கள்.